குறுஞ்செய்தி வாக்கும் கோர்க்கா குரலும்

பாட்டுப் போட்டியில் வெல்வது குரல் மட்டுமல்ல. 2004-இல் தொடங்கிய ‘இந்தியன் ஐடல்’ நிகழ்ச்சியின் மூன்றாவது பருவம் அதற்குச் சான்று. 2007-இல் கொல்கத்தா காவலர் பிரசாந்த் தமாங்கை வெற்றிபெறச் செய்ய, டார்ஜிலிங் மலைமக்கள் பணம் திரட்டிக் குறுஞ்செய்தி வாக்குகளைக் குவித்தனர். அந்த ஆதரவு இயக்கத்தின் வழியே செல்வாக்குப் பெற்ற பிமல் குருங், அதே ஆண்டு அக்டோபரில் கோர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார்; தனி மாநிலக் கோரிக்கை மீண்டும் எழுந்தது.

ஒருவரே பலமுறை வாக்களிக்க இடம்தரும் கட்டண முறை, திறமையைவிட மக்கள் திரட்சியையே அளக்கும். அதில் வியப்பில்லை. ஆனால், தாங்களும் இந்தியரே என்று நிறுவ ஒரு சமூகம் தொலைக்காட்சி மேடையை நாட நேர்ந்தது ஏன்? சட்டமன்றமும் நாடாளுமன்றமும் செவிமடுத்திருந்தால், அந்தப் பொறுப்பு கைப்பேசியின் மீது விழுந்திராது.