பனிக்களமும் பணப்பையும்

பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியிலே 1997ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட பெரிய விளையாட்டு மண்டபம் ஒன்று உண்டு. பதின்மூவாயிரம் பேர் அமர்ந்து பார்க்கத் தக்கது. பனிக்கட்டி ஹொக்கிக்கென எழுந்த மண்டபமாயினும், உலகப் புகழ் பெற்ற பாடகர் பலரும் அங்கே வந்து பாடிச் சென்றனர். 2022ஆம் ஆண்டு பெப்ருவரிக்குப் பின்னர் அம்மண்டபத்தின் விளக்குகள் அணைந்தன. தீ மூண்டதில்லை, கூரை சரிந்ததில்லை, பார்க்க வருவோர் தொகை குறைந்ததுமில்லை. மண்டபத்தின் சொந்தக்காரர் இரசிய நாட்டுக் கோடீசுவரர் ஆவர். உக்ரேன்மீது இரசியா படையெடுத்ததும் அவர்களுடைய சொத்துக்கள் தடைக்குள்ளாயின. தடைக்குள்ளானவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ய யார் துணிவார்? ஆண்டுக்கணக்காக அப்பெரும் பனிக்களம் இருண்டு கிடந்தது.

இச்செய்தியை வாசித்த நாள் முதலாக என் மனத்தை ஒரு வினா உறுத்திக்கொண்டேயிருக்கிறது. ஒரு விளையாட்டுக் கழகம் யாருக்கு உரியது? பணம் போட்டவருக்கா, பார்க்க வந்தவருக்கா, அது பிறந்த ஊருக்கா? ஐரோப்பாவின் பனி ஹொக்கி லீக்குகளின் எதிர்காலத்தைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் கணக்கேடுகளிலிருந்தே தொடங்குவர். கணக்கேடுகளும் வேண்டியனவே, ஆயின் அவற்றின் அடியிலே கிடப்பது இந்த வினாதான் என்பது என் எண்ணம்.

புற்றரையில் ஆடும் ஹொக்கியையே நம் நாட்டு மாணவர் அறிவர். இது வேறு. வழுக்கும் பனித்தளத்திலே, கூரிய இரும்பலகு பொருத்திய காலணியோடு, பக்கத்துக்கு அறுவராக நின்று இறப்பர் வட்டொன்றை அடித்து ஆடுவது. ஆட்டத்தின் வேகத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் பணத்தின் கதை நின்றுபோகும். ஆதலால் அதனை விடுகிறேன். நாம் கருத வேண்டியது ஒன்றே. இவ்விளையாட்டுக்குக் களம் தானாகக் கிடைப்பதில்லை. மூடிய மண்டபத்துள்ளே மாதக்கணக்காகத் தளத்தை உறைநிலையில் வைத்திருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். 2022இலே ஐரோப்பாவில் எரிபொருள் விலை ஏறியபோது முதலில் கலங்கியவர்களுள் பனிக்களம் நடத்துவோரும் இருந்தனர்.

உதைபந்தாட்டத்திலே தொலைக்காட்சி உரிமையால் மழைபோலப் பணம் பொழிகிறது. பனி ஹொக்கிக்கு அந்த மழை தூறலே. சுவீடனில் மட்டும் சற்றுப் பெரிய தூறல். ஏனைய நாடுகளிலே கழகத்தின் சீவியம் நுழைவுச்சீட்டிலும், ஊர் வணிகரின் அனுசரணையிலும், இடைவேளையில் விற்கும் உணவிலும் பானத்திலுமே தங்கியிருக்கிறது. ஜேர்மனியிலும் சுவீடனிலும் சுவிற்சர்லாந்திலும் ஒரு பருவத்துக்கு ஒவ்வொரு கழகமும் 52 முறை ஆடுகிறது; அவற்றுட் பாதி சொந்த மண்டபத்திலே. அந்த 26 மாலைப்பொழுதுகளே ஆண்டு முழுவதுக்குமான விளைச்சல். 2020இல் கொள்ளைநோய் வந்து வாயிலைச் சாத்தியபோது இவ்வுண்மை நிருவாணமாக வெளிப்பட்டது. ஜேர்மன் லீக்கில் ஆடுவதற்கு அனுமதி வேண்டுமாயின் வீரர் தம் ஊதியத்திலே 25 வீதத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. அவ்வாண்டுப் பருவமும் டிசெம்பரிலேதான், அதுவும் ஆளில்லா மண்டபங்களிலே, தொடங்கியது.

வருவாய் இத்துணைச் சிறிதாகவும் செலவு பெரிதாகவும் இருக்கும் இடத்திலே ஒருவன் பணப்பையோடு வருவான். அவனைக் கொடையாளி என்பதா, எசமானன் என்பதா? இரண்டுமே பொருந்தும்.

இக்கதையின் பெரும் அத்தியாயம் 2008இல் இரசியாவிலே தோன்றிய கண்ட ஹொக்கி லீக்காகும். அரசின் நிழலில் வாழும் பெருங் கம்பனிகளின் பணத்தைப் பின்புலமாகக் கொண்டு, ஐரோப்பா முழுவதையும் தன்பால் இழுக்க அது முனைந்தது. பிராக் நகரிலே அதற்கென ஒரு கழகம் முளைத்தது. 2012இல் சேர்ந்தது, 2014இலே இறுதிப் போட்டிவரை சென்று ஏழாவது ஆட்டத்திலே தோற்றது, அதே கோடையிலே பணமுடையால் மறைந்தது. உச்சியைத் தொட்டுவிட்டுச் சில மாதங்களிலேயே இல்லாமற் போன கழகத்துக்கு வேறு உவமை தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. சக்ரெப் நகரத்துக் கழகம் 2013இற் புகுந்து 2017இல் வெளியேறியது. பிராட்டிஸ்லாவாவின் பழம்பெருங் கழகம் 2012இற் புகுந்து 2019இல் வெளியேறியது. உக்ரேனின் டொனெட்ஸ்க் நகரிலோ 2014ஆம் ஆண்டுப் போர்க்குழப்பத்திலே மண்டபமே தீக்கிரையானது.

ஹெல்சிங்கியின் ஜோக்கெரிட் கழகமும் இவ்வரிசையிலேயே வருகிறது. 1967இற் பிறந்த கழகம். தன் நாட்டு லீக்கிலே பல முறை முடிசூடியது. 2013இலே மண்டபமும் கழகத்தின் ஒரு பங்கும் திம்சென்கோ, ரொட்டன்பேர்க் ஆகிய இரசியச் செல்வர் கைக்கு மாறின; மறு ஆண்டு கழகம் தாய்நாட்டு லீக்கை விட்டு இரசிய லீக்கிற் சேர்ந்தது. அதே 2014இலேயே அமெரிக்கா அச்செல்வர்மீது தடை விதித்தது. எச்சரிக்கை அன்றே கிடைத்தது. எனினும் மண்டபம் நிறைந்தது, வீரருக்கு ஊதியம் வந்தது. பின்னர் யார் கவலைப்படுவார்? எட்டாண்டுகள் கழிந்தன. 2022 பெப்ருவரியிலே போர் மூண்ட மறுநாளே கழகம் போட்டியிலிருந்து விலகியது. முன்னர் தான் துறந்து சென்ற லீக்கிலே அதற்கு இடம் காத்திருக்கவில்லை. 2023 இலையுதிர் காலத்திலே, பின்லாந்தின் இரண்டாம் பிரிவிலே, சிறிய மண்டபங்களிலே அது மீண்டும் ஆடத் தொடங்கியது.

இதெல்லாம் இரசியப் பணத்தின் குற்றம் என்று கூறிவிடுவது எளிது. அங்ஙனம் கூற நான் ஒருப்படேன். அமெரிக்கப் பணமும் அதே வேலையைச் செய்திருக்கிறது. அன்சுட்ஸ் என்னும் அமெரிக்கக் குழுமம் மியூனிக் நகரிலே வைத்திருந்த கழகத்தை 2002இலே வேரோடு பெயர்த்து ஹம்பேர்க் நகரிலே நட்டது. புதிய ஊரார் அதனைத் தம் பிள்ளையாக ஏற்றனர். பதினான்கு பருவங்கள் சென்றன. 2016ஆம் ஆண்டு மே மாதத்திலே, வரும் பருவத்துக்கு அனுமதி கோரப்போவதில்லையென ஓர் அறிவித்தல் வந்தது. அணித்தலைவன் முன்னின்று நிதி திரட்டினான். இரசிகர் சில நாட்களிலேயே இலட்சக்கணக்கான யூரோவைக் கொண்டுவந்து குவித்தனர். பயன் இல்லை. விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் மூடுவதற்கும் உரிமை ஒரே கையில் இருந்தது. அந்தக் கை மூடிக்கொண்டது.

ஆயின் அதே அமெரிக்கக் குழுமம் பேர்லினிலே செய்தது வேறு. கிழக்கு ஜேர்மனி இருந்த காலத்திலே, 1970 தொடக்கம் 1990 வரை, அந்நாட்டு ஹொக்கி லீக்கிலே இரண்டே இரண்டு கழகங்கள்தாம் ஆடின: ஒன்று பேர்லின், மற்றது வைஸ்வாசர் என்னும் சிற்றூர். ஒலிம்பிக் பதக்கத்துக்கு உதவாத விளையாட்டென அரசு கைவிட்டதன் விளைவு அது. வீரர் ஆண்டு முழுவதும் ஒரே முகங்களோடு மோதிக்கொண்டிருந்தனர்! காவற்றுறையின் நிழலில் வளர்ந்த அப் பேர்லின் கழகம், நாடு ஒன்றான பின்னர் செலவுக்கு வழியின்றித் தள்ளாடியது. அமெரிக்கர் வாங்கினர், 2008இல் பதினாலாயிரம் பேருக்கான மண்டபம் எழுந்தது, 2025 வரையில் பதினொரு முறை அக்கழகம் ஜேர்மனியின் வாகை சூடியது. ஆதலால் பணப்பையோடு வருபவன் எல்லாம் கேடு விளைப்பவன் என்று நான் எழுதினால் பேர்லின் மக்கள் என்னைப் பார்த்து நகைப்பர். பேர்லினுக்கு வாய்த்தது ஹம்பேர்க்குக்கு வாய்க்கவில்லை. ஏனென்று தீர்மானித்தவரோ இவ்விரு ஊர்களிலும் வாழ்பவரல்லர். என் அச்சம் அதுவே.

இனி, முதலீடு செய்வோர் விடாமல் எழுப்பும் கோரிக்கை ஒன்றுண்டு. கதவை மூடுங்கள் என்பது அது. கடைசியாக வந்த கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதும், கீழே வென்றது மேலே ஏறுவதும் ஐரோப்பிய மரபு. வட அமெரிக்காவிலே அது இல்லை. அங்கே இடம் வாங்கியவனுக்கு இடம் நிலையானது. கோடிகளைக் கொட்டியவன் ஒரு மோசமான மார்கழியினால் எல்லாவற்றையும் இழக்க வேண்டுமா என்று கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஜேர்மன் லீக் 1994இல் தொடங்கியது. அதன் முதற் பருவம் முடியுமுன்பே, நடப்பு வாகையாளராகிய மியூனிக் கழகம் வங்குரோத்தாகி விலகியது. அந்த அச்சத்திலே பின்னர் கதவு சாத்தப்பட்டு நெடுங்காலம் கிடந்தது. மீண்டும் திறந்தபோது 2022இலே, 2003ஆம் ஆண்டின் வாகையாளராகிய கிறேபெல்ட் இறங்கியது. 2025இலே எட்டு முறை வாகை சூடிய டுஸ்ஸல்டோர்வ் இறங்க, டிரெஸ்டன் மேலேறியது.

சுவீடனிலே கதவு திறந்தே கிடக்கிறது. ஐந்து முறை வாகை சூடிய யொன்ஷெப்பிங் நகரத்துக் கழகம் 2021இலே விழுந்து மறு ஆண்டே எழுந்தது. ஸ்டொக்ஹோமின் யூர்கோர்டன் 2022இலே விழுந்து 2025இலே எழுந்தது. விழுந்தும் இவை மாளாதது எதனால்? அந்நாட்டு விளையாட்டு விதிப்படி, கழகத்தின் வாக்குரிமையிலே பாதிக்கு மேற்பட்ட பங்கு அங்கத்தினர் சங்கத்திடமே இருத்தல் வேண்டும். சந்தா கட்டும் ஆசிரியனும் பேருந்துச் சாரதியும் சேர்ந்து ஒரு கோடீசுவரனைத் தோற்கடிக்க முடியும். முதலாளிகள் இதனைப் பழைமைவாதம் என்கின்றனர். இரண்டாம் பிரிவின் குளிர்ந்த இரவுகளிலும் மண்டபம் நிறைந்திருந்தமைக்கு இதனைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஊர்ப்பற்றைப் பேசினால் காசு வருமா என்று கேட்பாருக்குச் சுவிற்சர்லாந்தைக் காட்டலாம். பேர்ண் நகரத்துக் கழகம் 1998 அளவிலே கடனில் மூழ்கும் நிலையில் இருந்தது. புதிய நிருவாகி உணவுச்சாலைகளை நடத்தும் தொழிலிலே கழகத்தை இறக்கினார். ஹொக்கி தோற்றாலும் சமையலறை தோற்பதில்லை. அதே கழகம் பின்னர் ஐரோப்பாவிலேயே மிகுதியான பார்வையாளரைப் பல ஆண்டுகள் ஈர்த்தது. பணத்தின் வழியும் ஊருக்குள்ளேயே ஓடியது என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

அல்ப்ஸ் மலையின் தெற்கிலே அம்பிரி என்னும் கிராமம் உண்டு. வாழ்வோர் சில நூற்றுவர். 1937இற் பிறந்த அதன் கழகம் ஒருமுறையேனும் தேசிய வாகை சூடியதில்லை. பழைய களம் பனிச்சரிவு அபாயமுள்ள இடத்தில் இருந்தது. புதிய மண்டபம் கட்டினாலன்றி மேற்பிரிவில் இடமில்லை என்னும் நிலை வந்தது. மாநில அரசும் அன்பர்களும் கைகொடுக்க, அப்பகுதிக் கட்டடக் கலைஞர் மரியோ பொத்தா வரைந்த மண்டபம் 2021இலே திறக்கப்பட்டது. 6,775 பேர் கொள்வது. கிராமத்துச் சனத்தொகையைப் பல மடங்கு பெருக்கினாலும் அந்த எண் வராது. பள்ளத்தாக்கு முழுவதும் அங்கே வந்து கூடுகிறது. இதற்கு எதிர்மாறாக, பிரித்தானியாவின் மன்செஸ்டர் நகரிலே 1997இல் ஓர் ஆட்டத்துக்கு 17,245 பேர் திரண்டனர். 2002இலே அந்தக் கழகமே மூடுண்டது.

அமெரிக்காவோடு போட்டியிட ஒருங்கிணைந்த ஐரோப்பிய லீக் வேண்டுமென்பாரும் உளர். வட அமெரிக்க லீக்கிலே 2025–26 பருவத்துக்கு ஒரு கழகம் வீரருக்குக் கொடுக்கத்தக்க ஊதிய உச்சம் மட்டுமே 9 கோடியே 55 இலட்சம் டொலர். அந்தப் பந்தயத்திலே ஐரோப்பா ஓடினால் மூச்சுத்தான் வாங்கும். வளர்த்த பிள்ளைகள் கடல் கடப்பார். அதற்கு ஈடாக ஒரு தொகை வரும். அத்தொகையை நியாயமாக உயர்த்தும்படி பேரம் பேசுவதே செய்யத்தக்க காரியம். ஒருங்கிணைந்த போட்டியையும் அவர்கள் சோதித்துப் பார்த்தனர். 2008இலே ஆரம்பமான வாகையர் லீக், காஸ்புறொம் கம்பனி அனுசரணையை விலக்கியதும் ஒரே பருவத்தோடு முடிந்தது. 2014இலே கழகங்களே கூட்டாகச் சேர்ந்து, சிறிய அளவிலே, தாமே பங்காளராக மீண்டும் தொடங்கின. அது நடந்துவருகிறது, பெருஞ் செல்வம் தரவில்லை, யாரையும் வீதியில் விடவுமில்லை.

ஹெல்சிங்கிக்கு அண்மையிலேயே எஸ்போ என்னும் நகர் இருக்கிறது. அதன் கழகம் 2016இலே வங்குரோத்தானது. அவ்விடத்தை நிரப்ப எழுந்த வேறொரு கழகமும் இரண்டாண்டுகளில் விழுந்தது. சிறுவர் பயிற்சி மட்டும் நிற்கவில்லை. அந்த ஊரின் பழைய பெயரோடு ஓர் அணி கீழ்ப்பிரிவுகளிலிருந்து படிப்படியாக ஏறி, 2024இலே தலைமை லீக்கிலே சேர்ந்தது. அந்த ஆண்டிலே அயல்நகரின் பெரும் மண்டபம் இன்னும் பூட்டியே கிடந்தது.