பழுது பார்த்த பின் எழும் புதுச் சத்தம்

சென்ற திங்கள் இப்பகுதியில் ரயில் பாஸைப் பற்றி எழுதினேன். இத்திங்கள் ரயிலை விட்டிறங்கிச் சாலைக்கு வருவோம். மான்குர்த்திலும் அதனையடுத்த மண்டாலாவிலும் குடியிருக்கும் நம்மவர்களில் லாரியை நம்பிப் பிழைப்போர் ஒருவர் இருவர் அல்லர். பழைய இரும்பும் தகரமும் பீப்பாய்களும் பிளாஸ்டிக்கும் குவிந்து கிடக்கும் கிடங்குகள் அங்கே உள்ளன. சயான்–பன்வேல் சாலை அருகிலேயே செல்கிறது. தானே கடற்கழியின்மீது 1973-இலும் 1997-இலும் கட்டப்பட்ட பாலங்களைத் தாண்டினால் வாஷிச் சந்தை. ஆகவே வண்டிக்கு வேலை உண்டு. அந்த வண்டி படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பின் நிலை என்ன என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வண்டிக்காரர்கள் அடிக்கடி சொல்லக் கேட்கும் குறை ஒன்றுண்டு. "வேலைக்கு விட்டபோது ஒரு சத்தம்; வேலை முடிந்து எடுத்தபோது வேறொரு சத்தம்." பணமும் போயிற்று, பழுதும் போகவில்லை என்ற நிலை. நான் ரயில்வேயில் பேனா பிடிப்பவன். ஸ்பேனர் பிடிப்பவன் அல்லேன். எனினும் பட்டறைகளுக்கு நடுவே குடியிருப்பவன் ஆதலால், கைதேர்ந்த மெக்கானிக்குகள் இச்சத்தங்களை எங்ஙனம் பகுத்தறிகின்றனர் என்பதைப் பல காலம் கண்டும் கேட்டும் வந்திருக்கிறேன். அதையே இங்குத் தருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதிதாகக் கேட்கும் சத்தம் எல்லாம் புதிதாகப் பிறந்த சத்தம் ஆகாது. ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றிய மறுநாள் இயந்திரத்தில் 'டிக் டிக்' என்று கேட்கிறதென்றால், அது ஆறு மாதமாகவே இருந்திருக்கலாம். பெரிய இரைச்சல் அடங்கியபின் சிறிய ஓசை செவிக்கு எட்டுகிறது, அவ்வளவே. திருவிழாக் கொட்டு ஓய்ந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது தெரிகிறது. இதற்காகப் பட்டறைக்காரரோடு சண்டைக்குப் போவது நியாயமன்று.

ஆனால், உண்மையாகவே புதிய சத்தமென்றால், அங்கே வேறு நீதி செல்லும். எங்கே கை பட்டதோ அங்கே முதலில் பார். இதுவே அனுபவசாலிகளின் முதல் விதி. தண்ணீர்ப் பம்பைக் கழற்றியவர் விசிறியை நேராக வைத்தாரா? கியர்ப் பெட்டியை இறக்கியவர் இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்களை முறையாக முடுக்கினாரா? ஒரு தளர்ந்த தகரமூடி எழுப்பும் ஒலியைக் கேட்டு, கிராங்க் போயிற்றென்று நடுங்கியவர்களும் உண்டு. கிளட்சு மிதியை அழுத்தியவுடன் சத்தம் மாறுமாயின் தேட வேண்டிய இடம் இயந்திரமன்று. கிளட்சும் கியர்ப் பெட்டியுமே. விசிறிப் பட்டையைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓட்டிப் பார்க்கையில் சத்தம் நின்றுபோனால், குற்றவாளி பம்பிலோ டைனமோவிலோ இருக்கிறான். செலவில்லாத சோதனைகள் இவை. இவற்றைச் செய்யாமல் இயந்திரத்தைப் பிரிக்கலாகாது.

இரண்டாவது, தாளம். டீசல் லாரியின் இயந்திரத்தில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு ஒரே சுற்றுத்தான் சுற்றும். நின்ற நிலையில் நிமிடத்திற்கு 600 சுற்று ஓடுகிறதென்று வைத்துக்கொண்டால், கிராங்கோடு சேர்ந்த சத்தம் வினாடிக்குப் பத்து முறையும், வால்வோடு சேர்ந்த சத்தம் வினாடிக்கு ஐந்து முறையும் கேட்கும். பழகிய செவிக்கு இவ்வேறுபாடு வெளிப்படை. இது முற்றும் தவறாத விதியென்று சொல்ல மாட்டேன். தேய்ந்த பிஸ்டன் லைனரில் அறையும் சத்தமும் பெரும்பாலும் அந்த அரைத் தாளத்திலேயே வரும். ஆனால் பிஸ்டன் அறைவது குளிர்ந்த இயந்திரத்தில் மிகுந்து, சூடேறியபின் தணிவது. கனெக்டிங் ராடு பேரிங் அப்படியன்று. சூடேறி ஆயில் இளகியபின், பாரம் இழுக்கையில், அது ஓங்கி ஒலிக்கும். கிராங்க்கின் பெரிய பேரிங் போனாலோ அடிவயிற்றிலிருந்து எழும் உறுமல் போன்ற இடி.

மூன்றாவது, இடம். நீண்ட திருப்புளியின் முனையை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். ஏதோ பாமரச் செயல் என்று எண்ணிவிடக் கூடாது. 1816-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் லென்னெக் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். டாக்டர்கள் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு அதுதான். எங்கள் ரயில்வேயிலும் நிலையத்தில் வண்டி நிற்கையில் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போகும் தொழிலாளரை முதியவர்கள் நினைவு கூர்வார்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மட்டையாக ஒலிக்கும். அச்சுகளைச் சோதிக்க இன்று அல்ட்ராசானிக் கருவி வந்துவிட்டது. ஆயினும் காதை நம்பிய தொழில் அது.

இனி ஒரு வண்டியின் கதை. மண்டாலாவில் என் வீட்டுக்கு நாலாம் சந்தில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் பழைய டாட்டா 407 ஒன்றைத் தவணைக்கு வாங்கி ஓட்டி வந்தார். 1986-இல் முதன்முதலாக வந்த வண்டி இவ்வகை. அதிலுள்ள பழைய இயந்திரத்திற்கு 497 என்று பெயர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம் என்பதே அப்பெயரின் பொருள். ஒருநாள் ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சீவி, மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுக்குப் புதிய சீட் இட்டு, மறுபடி மாட்டிக் கொடுத்தார்கள். கிளப்பியவுடனே 'டக் டக்' என்றொரு சத்தம்.

பட்டறை முதலாளி காது கொடுத்துக் கேட்டார். "பூரா இஞ்சின் கோல்னா படேகா" என்று தீர்ப்பளித்தார். கிராங்க் பேரிங் போயிற்றாம்; ஹெட் புதிதானதால் அழுத்தம் கூடிப் பழைய பேரிங் தாங்கவில்லையாம். இந்த வாதம் முழுப் பொய் என்று நான் சொல்லேன். மேல்பாகத்தைப் புதுப்பித்தபின் தேய்ந்த கீழ்ப்பாகம் தன் வயதைக் காட்டுவது உண்டு. ஆனால் கிராங்கைத் தேய்த்துப் பேரிங் மாற்றி முழு இயந்திரத்தையும் பிரித்துக் கட்டுவதென்றால் லட்ச ரூபாய்க்குக் குறையாது. அதுவோ ஜூன் மாதம். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஒரு பக்கம், லாரித் தவணை மறுபக்கம். மனைவியின் வளையல் ஏற்கெனவே ஹெட் வேலைக்குப் போயிருந்தது.

அண்டையில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரும் நெல்லைச் சீமைதான். குர்லாவில் தொழில் கற்றவர். 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் கம்பெனியின் ஃபார்கோ, டாட்ஜ் லாரிகள் குர்லாவில் உருவான வண்டிகள். அவற்றைப் பிரித்துக் கட்டிய கைகளிடம் பாடம் கேட்டவர் இவர். வண்டிக்காரர் அவரிடம் போய், "அண்ணாச்சி, நீங்க ஒரு தடவை வந்து கேட்டுச் சொல்லணும். அதுக்கப்புறம் பிரிக்கிறதா வேண்டாமான்னு பார்க்கிறேன்" என்றார்.

பெரியவர் வந்தவுடன் இயந்திரத்தைத் தொடவில்லை. "தம்பி, இது மாட்டின அன்னைக்கே கேட்டுதா, நாலு நாள் ஓட்டின பிறகு கேட்டுதா?" என்றார். கிளப்பிய கணமே என்றார் இவர். பேரிங் ஒரு நொடியில் போவதன்று; ஹெட் கழற்றுவதற்கு முந்திய நாள்வரை ஆயில் அழுத்தமும் சரியாகவே இருந்திருக்கிறது. முதல் ஐயம் அங்கேயே எழுந்துவிட்டது. பிறகு வண்டியைக் கிளப்பச் சொல்லித் தாளம் பார்த்தார். அரைத் தாளம். திருப்புளியை நகர்த்தி நகர்த்திக் கேட்டார். சம்ப்பின் அருகே மங்கல், ஹெட்டின் அருகே தெளிவு, மூன்றாம் சிலிண்டரில் மிகத் தெளிவு.

அடுத்து நாசில் குழாயின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அந்தந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் தடுத்தார். இது ஓர் அருமையான சோதனை. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினேழு பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறார்கள். எண்ணெயை நிறுத்தினால் வெடிப்பு இல்லை. வெடிப்பு இல்லையேல் பிஸ்டன்மீதும் பேரிங்மீதும் விழும் அடி குறைகிறது. ஆகவே பேரிங் சத்தமாயிருப்பின் தணிய வேண்டும். நாசில் கெட்டு எழும் இடியாயிருந்தாலும், மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியே புகை கசிந்து எழும் 'சிக் சிக்' ஆயிருந்தாலும் தணிய வேண்டும். மூன்றாம் சிலிண்டரை நிறுத்தியபோது வண்டி நடுங்கிற்று. சத்தமோ இம்மியும் மாறவில்லை. கிராங்க் குற்றமற்றதென்று அப்போதே ஏறக்குறையத் தீர்ந்தது.

(இச்சோதனையைப் பழைய பம்ப் வண்டிகளில், அதுவும் பழகியவரே செய்யலாம். 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பி.எஸ். 6 வகை வண்டிகள் போன்ற காமன் ரெயில் இயந்திரங்களில் குழாயைத் தளர்த்தவே கூடாது. அங்கே எண்ணெய் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்தையும் மிஞ்சிப் பாய்கிறது. தோலைத் துளைத்து உள்ளே புகும். கையையே எடுக்க நேரலாம்.)

மிஞ்சியது வால்வு. டாப்பெட் இடைவெளி மிகுந்திருந்தால் 'டிக் டிக்' என்று தையல் இயந்திரம்போல் ஒலிக்கும். ஓடும் நிலையிலேயே ஃபீலர் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே செருகினால் இடைவெளி நிறைந்து அவ்வொலி நிற்கும். பெரியவர் மூன்றாம் எக்ஸாஸ்ட் வால்வில் செருகினார். சத்தம் நிற்கவில்லை, கூடிற்று! உடனே தகட்டை இழுத்துவிட்டு, வண்டியை நிறுத்தி, அந்த டாப்பெட்டைச் சற்றே தளர்த்திவிட்டு மறுபடி கிளப்பினார். இப்போது 'டிக் டிக்' என்று டாப்பெட் ஒலித்தது. அந்தக் கனத்த 'டக் டக்' மறைந்துவிட்டது.

இதன் பொருள் யாது? தகடு நுழைந்தபோது வால்வு கொஞ்சம் கூடுதலாகக் கீழிறங்கியது, சத்தம் மிகுந்தது. டாப்பெட்டைத் தளர்த்தியபோது வால்வு குறைவாக இறங்கியது, சத்தம் போயிற்று. அப்படியானால் கீழிறங்கும் வால்வு எதன்மீதோ முட்டுகிறது. அங்கே முட்டுவதற்குப் பிஸ்டனைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

"வண்டியை அணைச்சிரு தம்பி, இனி கிளப்பாதே" என்றார் பெரியவர். ஹெட்டைக் கழற்றினார்கள். மூன்றாம் பிஸ்டனின் தலையில், கரியின் நடுவே, நகக்கண் போன்ற ஒரு பிறைத் தழும்பு வெள்ளையாகப் பளபளத்தது. ஹெட்டின் முகத்தைச் சீவியதால் எல்லா வால்வுகளும் பிஸ்டனை நெருங்கிவிட்டன. மூன்றாவதில் இட்ட புதிய சீட் மேடாக நின்றதால் அந்த வால்வு மட்டும் முட்டியிருக்கிறது. சீவிய அளவுக்கு ஏற்பச் சீட்டுகளை ஆழப்படுத்தி, வால்வு முகம் ஹெட்டின் மட்டத்திற்குள் எத்துணை ஆழம் இருக்கவேண்டுமோ அத்துணை இருக்கிறதா என்று அளந்து பார்த்திருக்க வேண்டும். பட்டறையில் அளக்கவில்லை. இதை அப்படியே ஓட்டியிருந்தால் ஒருநாள் வால்வுத் தலை ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்திருக்கும். அன்று உண்மையாகவே பூரா இஞ்சினும் போயிருக்கும். பேரிங்தான் என்று நம்பிக் கீழ்ப்பாகத்தைப் பிரித்துக் கட்டியிருந்தாலோ, லட்ச ரூபாயும் செலவழிந்து, சத்தமும் அப்படியே இருந்திருக்கும். இவ்விரண்டில் எது பெருங்கொடுமை என்று என்னால் சொல்ல இயலவில்லை.

சீட்டுகளைத் திருத்தி, வால்வு நேராயிருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்து, அதை மாற்றிவிட்டு, புதிய கேஸ்கெட்டோடு மாட்ட மூன்று நாள் ஆயிற்று. செலவு சில ஆயிரம். பெரியவர் தம் கூலியாகக் கேட்டது மிகக் குறைவு. அது எவ்வளவென்று எழுதினால் அவருக்கு மற்றப் பட்டறைகளில் பகை வரும்.

லாரி வைத்திருக்கும் நேயர்கள் ஹெட் வேலைக்கு வண்டியை விடும்போது மூன்று கேள்விகளை எழுத்திலேயே கேட்டு வாங்கலாம்: முகத்தை எத்தனை மில்லிமீட்டர் சீவினீர்கள், சீவியபின் ஹெட்டின் உயரம் கம்பெனி சொல்லும் குறைந்த அளவுக்கு மேல் இருக்கிறதா, வால்வு ஆழத்தை அளந்தீர்களா. பில்லில் இம்மூன்றும் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு சாக்கில் கட்டித் தரச் சொல்லுங்கள். அளவுக் கருவி தம்மிடம் இல்லை என்று பட்டறைக்காரர் சொன்னால், லேத்துக்காரரிடம் நிச்சயம் இருக்கும். ஹெட்டோடு நீங்களே லேத்துக்குப் போய் நில்லுங்கள். அரை நாள் வாடகை போகும், போகட்டும்.