அறுவைக்குப் பின் ஆகாரம்

மும்பை பரேலில் 1941-ல் தொடங்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்குத் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மட்டுமல்ல, ஊரிலிருந்து ரயிலேறியும் நம்மவர்கள் வந்து சேர்கிறார்கள். இரைப்பைப் புற்றுக்கு அறுவை முடிந்து, தையலும் பிரித்து, 'வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் சொல்லிவிட்டால் கண்டம் கழிந்ததாகவே குடும்பம் எண்ணுகிறது. உண்மையில் பாதிக் கிணறுதான் தாண்டியாகியிருக்கிறது. மீதிப் பாதி அடுப்படியில் இருக்கிறது.

இரைப்பை ஒரு கிடங்கு. வந்த சோற்றை வாங்கி வைத்து, அரைத்து, சிறுகச் சிறுகக் குடலுக்கு அனுப்புவது அதன் வேலை. கிடங்கையே எடுத்துவிட்டால் சரக்கு நேரே குடலில் போய் விழுகிறது. அது இனிப்புச் சரக்காயின் குடல் உடம்பின் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி. சிலருக்கு ஒன்றிரண்டு மணி கழித்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். நோய் திரும்பிவிட்டதென்று வீடே கலங்கும். பல நேரம் அது நோயல்ல. பார்க்க வந்தவர் அன்போடு கரைத்துக் கொடுத்த குளுக்கோஸ்!

நோயாளியைப் பார்க்கப் போகிறவர் குளுக்கோஸ் பொட்டலமும் பழரசமும் வாங்கிப் போவது நம்மிடையே ஊறிய வழக்கம். இந்த நோயாளிக்கு அது வேண்டாம். நான்கு முட்டை வாங்கிப் போங்கள்.

'பத்தியம்' என்று மாதக்கணக்கில் வெறும் கஞ்சியோடு நிறுத்துவதும் தவறே. கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர். புண் ஆறவும் சதை பிடிக்கவும் புரதம் வேண்டும். முட்டை, முள் நீக்கிய மீன், குழைய வெந்த பருப்பு, இட்லி, தயிர் என்று டாக்டர் அனுமதித்தவற்றை நாளைக்கு ஆறு முதல் எட்டு வேளையாகப் பிரித்து, கொஞ்சமாக, நன்றாக மென்று உண்ணவேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரைமணி முன்போ பின்போ குடிப்பது நல்லது. குழாய் வைத்து அனுப்பப்பட்டவருக்கு, மருத்துவமனை சொன்ன கரைசலன்றி வேறெதையும் குழாயில் ஊற்றலாகாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இரைப்பை முழுதும் எடுக்கப்பட்டவர் எவ்வளவு நல்ல உணவு தின்றாலும் அதிலுள்ள பி-12 சத்து உடம்பில் சரிவர ஒட்டாது. அதை உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது. ஈரலில் சேமிப்பு உள்ளவரை ஒன்றும் தெரியாது. அது தீர்ந்தபின் சோகையும் கால் மரத்துப்போவதும் வரும். எனவே டாக்டர் எழுதிய பி-12 ஊசியை ஊருக்குப் போனாலும் ஆயுள் முழுதும் விடக்கூடாது.

இவ்வளவும் குடும்பத்தின் பொறுப்பு. அரசின் பொறுப்பு எங்கே? காசநோயாளியின் ஊட்டச்சத்துக்கென மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது; 2024 நவம்பரில் அதை 1,000 ஆக உயர்த்தியது. மிக நல்ல காரியம். இரைப்பையையே இழந்தவருக்கு மட்டும் அந்த நியாயம் பொருந்தாதா? ஆயுஷ்மான் பாரத் திட்டம் வீடு திரும்பியபின் 15 நாள் செலவை ஏற்பதோடு சரி. இந்த உடம்பு தேறவோ பல மாதம் பிடிக்கும். காசநோயாளிக்குக் கொடுப்பதுபோல் இவர்களுக்கும் மாத உதவி வேண்டுமென வலியுறுத்துகிறோம்.

வேலைக்குத் திரும்புகிறவர் காலையில் லோக்கலில் தொங்கிப் போய், பகலில் ஒரே டப்பாவோடு முடித்துக்கொள்ள முடியாது. இரண்டு மணிக்கொரு முறை பத்து நிமிடம் உட்கார்ந்து உண்ண விடுவதால் எந்த ஆலையும் ஆபீசும் நஷ்டப்படாது. ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்குப் புற்றுநோய்க்கான நீட்டித்த நோய்ப்படி உண்டு: தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாண்டு வரை. கேட்டு வாங்கவேண்டும். மறுபரிசோதனைக்கு ரயிலில் வருவோர் மருத்துவமனை தரும் சலுகைப் படிவத்தைக் கவுன்டரில் காட்டினால் சிலீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமில்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் குறைவு. மிச்சமாகும் காசு முட்டைக்காகும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள், டாக்டர்களைக் கலந்து, எந்த வேளைக்கு என்ன, எவ்வளவு என்று நம் சமையலை வைத்தே ஒரு தாள் தமிழில் அச்சிட்டுத் தரலாம். வார்டிலிருந்து கிளம்பும் நாளில் உணவு ஆலோசகரிடம் பேச, பாஷை தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் அனுப்பினால் போதாது. வீட்டில் சமைக்கிறவரும் கூடப் போகவேண்டும்.