போலிச் சிகிச்சை என்னும் சொல்லைப் பற்றி



மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்தே மூளையைத் தூண்ட முடியும் என்றால் நம் பாட்டிமார் அதை மந்திரம் என்பார்கள். மந்திரமன்று, 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலேதான். மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும். அக்கடத்தி செப்புக் கம்பியாகவும் இருக்கலாம், மூளையின் மேற்புறமாகவும் இருக்கலாம். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் தலைமேல் கம்பிச்சுருளை வைத்து மின்துடிப்பைச் செலுத்தியபோது கை தானாக அசைந்தது. மனச்சோர்வுக்கு இம்முறையை 2008இல் அமெரிக்கா அனுமதித்தது. பக்கவாதத்தில் செயலிழந்த கையை மீட்க இது உதவுமா என்பது இன்னும் ஆய்வுக்குரிய கேள்வி.

நான் எழுத வந்தது இயந்திரத்தைப் பற்றியன்று, படிவத்தைப் பற்றி. என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தந்தை பக்கவாதத்தால் வலக்கை வலுவிழந்தவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை தமிழ் படித்தவர். அவரை ஓர் ஆய்வில் சேர அழைத்திருந்தார்கள். தமிழ்ப் படிவமும் கொடுத்திருந்தார்கள்; அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால், யாரோ சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழ் அது. ‘சிலருக்குப் போலிச் சிகிச்சை அளிக்கப்படும்’ என்ற வரியில் விரலை வைத்து, "ஏன் டீச்சர், நோயாளியைப் போயா ஏமாத்துவாங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. போலி மருத்துவர், போலி நகை, போலிப் பத்திரம் என்றே அச்சொல் நம்மிடம் பழகியிருக்கிறது. ஆனால், ஆய்வின் நேர்மை இருப்பதே அந்த இடத்தில்தான். சுருள் ‘டக் டக்’ என ஒலிக்கும், தலையில் தட்டுவதுபோல் உணர்வு தரும். அதனுடன் நாள்தோறும் கைப்பயிற்சியும் மருத்துவரின் கவனிப்பும் சேர்ந்தால் நோயாளி தேறக்கூடும். தேற்றியது காந்தமா, பயிற்சியா?

2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் பக்கவாதம் கண்ட 199 பேர் சேர்ந்தனர். எம்.ஆர்.ஐ. படத்தின் வழிகாட்டுதலோடு மூளையில் உரிய இடத்தைக் கண்டு தூண்டினார்கள். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் தேறினர். மற்றவர்களில்? 65 விழுக்காட்டினர்! அந்த இரண்டாம் குழு இல்லாதிருந்தால் 67ஐ மட்டும் காட்டிச் சுருளை விற்றிருப்பார்கள். குழந்தையின் கவனக்குறைவைக் காந்தத்தால் போக்குவதாக யாரேனும் விளம்பரம் செய்தால், ஒப்பிட்டுப் பார்த்த குழு எங்கே என்று பெற்றோர் முதலில் கேட்க வேண்டும்.

ஆகவே ‘போலி’ வேண்டாம். ‘வெறுஞ்சுருள்’ எனலாம் என்பது என் கருத்து. குழம்பில்லாத சோறு வெறுஞ்சோறு; அதை யாரும் ஏமாற்று என்பதில்லை. இனிப்பான சொல்லைப் போட்டு உண்மையை மறைக்கிறேன் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். மறைக்கச் சொல்லவில்லையே! உங்களுக்குக் காந்தச்சுருளா வெறுஞ்சுருளா என்பது குலுக்கலில் முடிவாகும், ஆய்வு முடியும்வரை உங்களுக்குச் சொல்லமாட்டோம் என்று அடுத்த வரியிலேயே எழுதட்டும்.

இதைவிடக் கவலை தந்த சொல் ‘உட்பொருத்தி’. தலைக்குள் உலோகமோ, காதுக்குள் பொருத்திய கேட்புக் கருவியோ இருந்தால் இச்சிகிச்சை ஆபத்தாகலாம். முன்பு வலிப்பு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ‘உட்பொருத்திகள் உளவா?’ என்று கேட்டால் எந்தப் பெரியவருக்குப் புரியும்? ‘ஆப்பரேஷன் செய்து தலைக்குள் கம்பி, தகடு, கருவி ஏதாவது வைத்திருக்கிறார்களா?’ என்று கேட்டால் போதுமே. மருத்துவ ஆய்வு நெறிகளுக்காக 1964இல் பிறந்த ஹெல்சிங்கி அறிக்கையின் 2024ஆம் ஆண்டுத் திருத்தமும் எளிய மொழியில் விளக்கச் சொல்கிறது.

அச்சிடுவதற்கு முன் அப்படிவத்தை லெபோ பாசாரில் பூக்கட்டும் ஓர் அம்மாளிடம் வாசித்துக் காட்டுங்கள். கேட்டதைத் தம் சொற்களில் அவர் திருப்பிச் சொல்லட்டும். "குலுக்கிப் போட்டு ரெண்டுல ஒண்ணு குடுப்பாங்களாம், வேணாம்னா எப்ப வேணும்னாலும் எழுந்து வந்திரலாமாம்" என்று அவர் சொன்னால் அச்சகத்துக்கு அனுப்பலாம்.