கோப்பை போனது போகட்டும்

2024 ஆகஸ்ட் 27-ல் கொல்கத்தாவில் நடந்த டூராண்ட் கோப்பை அரை இறுதியில் பெங்களூரு எப்.சி. தோற்றதை நம்மூர் ரசிகர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சேத்ரியும் இளைஞர் வினீத் வெங்கடேஷும் கோல் போட்டு 2-0 என முன்னிலை தந்தனர். மோகன் பகான் இரண்டையும் திருப்பிப் போட்டு, பெனால்டியில் 4-3 என வென்றது.

பெனால்டியைக் கோட்டைவிட்டவர்களை ஏசுவது முறையல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 எனத் தோற்ற இந்தியாவும் இரண்டு பெனால்டிகளை வீணாக்கியது. ஆயினும் அன்று ராமன் போட்ட கோலே இன்றும் பேசப்படுகிறது. உண்மைக் குறை, முன்னிலையைக் காக்கத் தவறியதே.

வினீத் நம் நகரத்துப் பிள்ளை. அத்தகையோர் மேலும் உருவாகப் பேட்டைதோறும் மைதானம் வேண்டும். கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்த மக்கள் இதைக் கேட்க உரிமையுள்ளவர்கள். கோப்பை போனது போகட்டும். மைதானம் போய்விடக் கூடாது.