சிக்கன விளக்கு

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதே காரணமென்று மின்சக்தி அமைச்சர் கூறினார். அன்று அநுமன் இலங்கைக்கு நெருப்பு வைத்தான். இக்குரங்கோ உள்ள விளக்குகளையும் அணைத்துவிட்டது! 2022 மார்ச் 31 இல் எரிபொருட் பஞ்சத்தினால் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபொழுது இவ்வாறு நகைக்க எவர்க்கும் மனம் வரவில்லை.

மயிலிட்டியின் மூத்தோர்க்கு இருட்டு புதிதன்று. 1990 ஜூனில் அவர்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். அவ்வாண்டிலேயே குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரமும் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைப் பொருள்களாயின. மண்ணெண்ணெய் அரிதாகி, விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. மயிலிட்டித் துறைமுகமும் அதனையண்டிய காணிகளும் மீளக் கிடைத்தது 2017 ஜூலையில். இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில் முதல் ஐந்தாறு ஆண்டுகளை அயலூர்களில், பிறர் வீட்டுத் திண்ணைகளில், ஏறக்குறைய மின்சாரமே இல்லாது கழித்த குடும்பங்கள் பல. அக்காலத்தில் குடாநாடெங்கும் எரிந்ததே சிக்கன விளக்கு.

அதன் அமைப்பினை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. வெறுமையான ஜாம் போத்தலொன்றின் அடியிலே சிறிது பஞ்சு. அப்பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். அதன்மேல் ஒரு சிறு உலோகக் குழாயிற் கோத்த நூற்றிரி. சுடர் போத்தலின் உள்ளேயே நின்று எரியும். வீட்டுக்கு வீடு செய்முறை சற்று வேறுபட்டது. ஆயினும் தத்துவம் ஒன்றுதான். குப்பி விளக்கின் தடித்த திரி தேவைக்கு மேல் எண்ணெயை உறிஞ்சும். முற்றாக எரியாத கரி புகையாகப் போகும். அப்புகை, காசு கொடுத்து வாங்கிய எண்ணெயன்றோ? மெல்லிய நூலோ சிறிதே உறிஞ்சி, அதனையும் நன்றாக எரித்துவிடும். போத்தலின் சுவர் வாடைக் காற்றைத் தடுக்கும். போத்தல் சரிந்தாலும் எண்ணெய் பஞ்சைவிட்டு ஓடாது. பாயிலிருந்து படிக்கும் பிள்ளைகளுள்ள வீட்டிலே இது சிறிய நன்மையன்று.

ஆனால் விளக்கு ஒன்று. வீட்டிலே ஆட்கள் ஐவர், அறுவர். அவ்வொளி எவருக்குரியது? பொழுது சாயுமுன் சமையலை முடித்து, அந்தி வெளிச்சத்திலேயே உணவருந்தினார்கள். பெரியோர் முற்றத்து நிலவிலிருந்து கதைத்தார்கள். விளக்கோ க. பொ. த. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் சென்றது. பேரன் எழும்பும்வரை இருட்டிலேயே காத்திருந்து, அதன்பின் அதே சுடரிலே தம் மருந்தைத் தேடிய பாட்டிமாரும் உண்டு. அப்பாட்டியின் பங்கு எந்தப் பெறுபேற்றுச் சான்றிதழிலும் எழுதப்படவில்லை.

செய்தி கேட்பதற்கும் ஒரு வழி இருந்தது. சைக்கிள் டைனமோ சாதாரணமாக ஆறு வோல்ற்று, மூன்று வாற்று தரும். சைக்கிளை நிறுத்தி ஒருவர் மிதிக்க, ஏனையோர் வானொலியைச் சூழ்ந்திருந்து கேட்பர். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

இக்கதைகளைக் கேட்டு, மீண்டும் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்புவோம் என்று எவரும் எண்ணற்க. அதன் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு. இன்று ஒரு வாற்று எல். ஈ. டி. விளக்கொன்று அச்சுடரிலும் மிகுதியான ஒளி தரும். பகலில் ஏற்றி வைத்தால் இரவு எரியும். ஒரு மாலை மின்வெட்டுக்காகப் பெருந்தொகை கொடுத்து மின்பிறப்பாக்கி வாங்குவது, நம் கருத்தில், கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பதே. மெழுகுதிரி ஏற்றுவோர் நுளம்புவலைக்கு அருகில் வைத்தலாகாது.

படிக்கும் பிள்ளைகளுக்குக் காசில்லாத உபாயம் ஒன்றுண்டு. இரண்டடி தூரத்திலுள்ள சிறு விளக்கைப் புத்தகத்துக்கு ஓரடியில் கொண்டுவந்தால், தாளில் விழும் ஒளி இரண்டு மடங்கன்று, ஏறத்தாழ நான்கு மடங்காகும். பௌதிக நூலில் மனனம் செய்த விதியை இங்கே சோதித்துப் பார்க்கலாம். விளக்கின் பின்னே வெள்ளைத் தாளோ கண்ணாடியோ வைத்தால் வீணாகும் ஒளியும் திரும்பி வரும்.

இல்லத்தரசியருக்கு ஒரு வார்த்தை: குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறந்து பார்த்தல் கூடாது. மூடியபடி இருப்பின் உள்ளேயுள்ள உணவு நான்கு மணி நேரம் வரை கெடாதிருக்கும். அதற்கு மேற்பட்டால் மீனையும் பாலையும் நம்பற்க. மயிலிட்டியில் மீனுக்குப் பஞ்சமில்லை, மறுநாள் புதிது வாங்கலாம். மின்சாரம் போனவுடனே தொலைக்காட்சி முதலியவற்றின் இணைப்பைக் கழற்றிவிடுதலும் நன்று. திரும்பி வரும்பொழுது மின்னழுத்தம் சில வேளைகளில் துள்ளும்.

தண்ணீரைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். மோட்டர் நின்றால் கிணறு நிறைய நீரிருந்தும் குழாயில் சொட்டு வராது. துலா போய்விட்ட வளவுகளிலும் கப்பியும் வாளியும் இருத்தல் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னரே கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நெடுநாள் தொங்கிய கயிறு முடிச்சடியில்தான் முதலில் உக்கும்.