மரம் ஏறியவனுக்கு என்ன கிடைத்தது?



2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு அரசு அறிவித்தது 1,100 ரூபாய். மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. அற்பத் தொகைதான். அதுவும் யாருக்கு? தோப்புக்காரருக்கு! அதே மரத்தில் ஏறிக் காய் பறித்தவனுக்கு? மட்டை உரித்தவனுக்கு? கீற்று முடைந்த பெண்ணுக்கு? இவர்கள் பெயர் எந்த அடங்கலில் இருக்கிறது?

வெளியூர்த் தமிழர் நாம் கொடுக்காமல் இல்லை. ஓவர்டைம் காசிலும் கொடுத்தோம். அரிசி, பாய், போர்வை போயின. (பழந்துணி மூட்டைகளைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை!) முதல் மாதத்துக்கு அவை சரி. நாட்டுத் தென்னங்கன்று காய்க்க 5, 6 ஆண்டு ஆகுமே, அதுவரை கூலித் தொழிலாளி வீட்டில் உலை கொதிப்பது எப்படி? அவனும் நம்மைப் போல் ரயிலேற வேண்டியதுதானா?

அடுத்த புயலுக்கு உண்டியல் ஏந்துமுன் நம் சங்கங்கள் தீர்மானம் போடட்டும்: வசூலில் பாதி நிலமற்ற குடும்பங்களுக்கு, அதையும் ஒரே நாளில் போட்டோ எடுத்துக் கொடுக்காமல் மூன்றாண்டுக்குப் பிரித்துக் கொடுப்போம். பயனாளிகள் பட்டியலை ஊர்ப் பெரியதனக்காரர் திண்ணையில் எழுதாதீர்கள். காலனித் தெருவில் உட்கார்ந்து எழுதுங்கள்!